மைக் செட் சத்தம்: போன் செய்தால் போதாது, எழுதிக் கொடுங்கள்

ஆடி பிறந்ததும் தெருவுக்குத் தெரு ஒரே கதை. இரவு பதினொரு மணிக்கு 100-க்குப் போன் செய்கிறார்கள். ரோந்து வண்டி வருகிறது, சத்தம் குறைகிறது. வண்டி திரும்பியதும் பழையபடி அலறுகிறது. விடிந்ததும் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கையில் ஒரு காகிதமும் இல்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் அதே தூங்காத இரவு.

இது வெறும் எரிச்சல் அல்ல. 85 டெசிபல் சத்தத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது தொழிலிடங்களுக்கான பாதுகாப்புக் கணக்கு. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மீண்டும் முளைக்காது. தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தமும் ஏறும்.

ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதி மண்டலம். அங்கே 50, 40. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அறவே கூடாது. திருவிழாவுக்காக நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே அறிவித்து. "பர்மிஷன் வாங்கியாச்சு" என்று விழாக்காரர் சொன்னதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். அனுமதி இருந்தாலும் டெசிபல் வரம்பு வரம்புதான்.

செய்ய வேண்டியது இது. சத்தம் கேட்கும்போதே நேரம் தெரியும்படி வீடியோ எடுங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்; அது முடிவான சான்று ஆகாது, புகாருக்குத் துணை நிற்கும். மறுநாளே காவல் நிலையத்தில் இடம், தேதி, நேரம், ஸ்பீக்கர் இருந்த திசை எல்லாம் எழுதி மனு கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். "சாமி விஷயம், அனுசரிச்சுப் போங்க" என்று அனுப்பிவைப்பது காவலரின் வேலை அல்ல. ரசீது தர மறுத்தால் அதே மனுவை டி.எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும், ஆணையரகம் உள்ள மாநகரமானால் காவல் ஆணையருக்கும், ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பட்டறை, ஜெனரேட்டர் என்று அன்றாடம் தொடரும் தொல்லையா? மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். வருவாய் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைக்கான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152-ஆம் பிரிவில் அவருக்கு உண்டு.

தனியாகக் கையெழுத்திடப் பயமாக இருந்தால் பத்து வீட்டார் சேர்ந்து போடுங்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே நிலையத்தில் மனு கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. எப்படியானாலும் ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள்.