உங்களுக்குத் தெரியுமா? பாதீட்டைச் சரிபார்ப்பது யார்?

● மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவாகிறவர்கள் 5 பேர். சபையின் மொத்த எண்ணிக்கை 225. படுவான்கரைக் குளத்துக்கு எவ்வளவு, வாவியோர வீதிக்கு எவ்வளவு என்று முடிவுசெய்யும் பாதீட்டுக்கு இவர்களும் வாக்களிக்கிறார்கள். கணக்கைப் போடுவது திறைசேரி. அது சரிதானா என்று உறுப்பினர்களுக்காகவே பார்த்துச் சொல்ல ஓர் அலுவலகம் வேண்டும் என்ற சட்டம் நமக்கு 2023இல்தான் வந்தது. அதன் பெயர் பாராளுமன்ற வரவுசெலவுத்திட்ட அலுவலகச் சட்டம்.

● அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது. நான்கு உறுப்புரை தள்ளி 152ஐப் படித்தால், செலவு வைக்கும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு ஓர் அமைச்சர்தான் கொண்டுவர முடியும் என்று இருக்கிறது.

● "கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறாரே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பார்ப்பது பெரும்பாலும் செலவழிந்த பணத்தை. வரவுசெலவுத்திட்ட அலுவலகம் பார்க்க வேண்டியது இனிச் செலவழியப்போகும் பணத்தை, இனி வரும் என்று சொல்லப்படும் வருமானத்தை.

● 2019 டிசெம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. கடைக்காரரும் மகிழ்ந்தார், வாங்கியவரும் மகிழ்ந்தார். இதனால் அரசுக்கு எவ்வளவு வருமானம் போகும் என்று உறுப்பினர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சுயாதீனமான ஓர் அலுவலகம் அன்று இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. வரிக் குறைப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. கொரோனாவும் பழைய கடன்களும் சேர்ந்தன. ஆனாலும் அந்தக் கேள்வியை நேரத்தோடு கேட்டிருக்கலாம்.

● பிரித்தானியாவில் அப்படியோர் அலுவலகம் 2010 முதல் இருக்கிறது. 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி லிஸ் ட்ரஸ் அரசு, அதன் மதிப்பீடு இல்லாமலேயே பெரிய வரிக் குறைப்புகளை அறிவித்தது. சந்தை ஆட்டம் கண்டது. ஒரு மாதம் முடியுமுன் பிரதமர் பதவி விலகுவதாக அறிவித்தார். பெரிய நிதி முடிவுகளை அந்த அலுவலகத்தைத் தவிர்த்து எடுக்க முடியாதபடி 2024இல் சட்டம் போட்டார்கள்.

● வாவிக்கரையில் மீன் வாங்கும் முதலாளியே தராசுக்காரனுக்கும் கூலி கொடுத்தால் நிறை எப்படியிருக்கும் என்று எவரும் சொல்வார். ஹங்கேரியில் நடந்தது அதைவிட மோசம். அங்கே 2009இல் தொடங்கிய நிதிப் பேரவைக்குத் தனி அலுவலர்கள், தனி ஆய்வு எல்லாம் இருந்தன. 2010இல் வந்த புதிய அரசின் கணக்குகளை அது விமர்சித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பேரவைக்கான பணத்தை அரசு வெட்டியது. ஆய்வாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். பேரவை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

● கனடாவின் முதல் பாராளுமன்ற வரவுசெலவுத்திட்ட அதிகாரி கெவின் பேஜ். 2008இல் நியமனம். அவரைப் பாராளுமன்ற நூலகத்துக்குக் கீழே உட்கார வைத்திருந்தார்கள்! தருவதாகச் சொன்ன நிதியும் குறைந்தது. எஃப்-35 போர் விமானங்களின் உண்மைச் செலவு அரசு சொல்வதைவிட மிக அதிகம் என்று 2011இல் அவர் அறிக்கை வெளியிட்டார். அமைச்சுகளிடம் தகவல் கேட்டுக் கிடைக்காததால் நீதிமன்றப் படியும் ஏறினார். 2017இல்தான் சட்டம் திருந்தியது: பதவி நூலகத்திலிருந்து பிரிந்து தனித்து நின்றது, பதவிக்காலம் 7 ஆண்டுகள், நியமனத்துக்கு இரு அவைகளின் ஒப்புதல். நம் சட்டத்தைப் படிப்பவர்கள் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பேன்: கேட்ட தகவலைத் தர மறுக்கும் அமைச்சுக்கு என்ன நடக்கும்? விடை இல்லாத சட்டம், ஆளை நியமித்துவிட்டு அலுமாரியைப் பூட்டுகிற சட்டம்.

● மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் பிடித்த ஒல்லாந்தரின் நாட்டில், கட்சிகள் தாமாகவே தேர்தல் வாக்குறுதிகளைக் கணக்குப் பார்க்கக் கொடுக்கின்றன. 1986 முதல் இந்த வழக்கம் உண்டு. பார்த்துச் சொல்வது 1945இல் தொடங்கிய ஓர் அரச ஆய்வு நிறுவனம்.

● இந்தியாவில் என்.கே. சிங் தலைமையிலான குழு 2017இல் நிதிப் பேரவை ஒன்றைப் பரிந்துரைத்தது. பேரவை வரவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். நல்ல காரியம். ஆனால் அதுவும் ஆட்சிக்கு வந்தவர்கள் எழுதிய, போனவர்களின் கணக்கு.

● கிழக்கு மாகாண சபையின் உறுப்பினர் எண்ணிக்கை 37. அதன் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்காமல் பல ஆண்டுகள் கடந்தன. மாகாணத்தின் ஆண்டு நிதிக்கூற்றை விவாதித்து வாக்களிக்கத் தெரிவான உறுப்பினர் எவரும் இல்லாமல், ஆளுநரின் கையிலேயே நிதி நிர்வாகம் நடந்தது. கொழும்பில் கணக்குப் பார்க்க ஒருவர் வந்தாலும் இங்கே கணக்குக் கேட்கவே ஆள் இல்லாத நிலை இது.

● அடுத்த தேர்தலுக்கு உங்கள் வளவுக்கு வரும் வேட்பாளர் பாலமும் வீதியும் தருவதாகச் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்கு எவ்வளவு முடியும், அந்தக் கணக்கைப் பார்த்தது யார்?