தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகிறீர்களா? பிள்ளை மேல் கண் வையுங்கள்!



பள்ளி விடுமுறை வந்ததும் தோட்டத்து ஜனங்கள் ஒன்றுசேர்ந்து பஸ் பேசி, ஒரு நாள் சிங்கப்பூர் போய் வருவது ஜொகூர்ப் பக்கத்தில் பழகிப்போன விஷயம். தேக்காவில் இறங்கிப் பசியாறி, வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டு, சிராங்கூன் சாலையில் சாமான் வாங்கித் திரும்புவது முன்பெல்லாம் போதுமாயிருந்தது. இப்போது பிள்ளைகள் விடுவதில்லை. "அந்தத் தண்ணிச் சறுக்கு இருக்குதே, அங்க கூட்டிக்கிட்டுப் போப்பா" என்று காலைச் சுற்றுகிறார்கள்.

அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. செந்தோசாத் தீவில் 2012 நவம்பரில் திறந்த அட்வென்ச்சர் கோவ் பூங்காவில் சுமார் 20,000 மீன்களுக்கு மேலே மிதந்து பார்க்கலாம். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து 620 மீட்டர் நீளச் செயற்கை ஆற்றில் மெல்லச் சுற்றி வரலாம். நீரும் காந்தமும் சேர்ந்து மேட்டில் தள்ளிவிடும் சறுக்கும் அங்கே உண்டு. தென்கிழக்காசியாவில் அதுதான் முதலாவது. பாசிர் ரிஸ் பக்கத்தில் இருக்கும் வைல்ட் வைல்ட் வெட் 2004-இல் திறந்தது. அதை நடத்துவது சிங்கப்பூர்த் தொழிற்சங்கக் காங்கிரசின் என்டியுசி கிளப். தொழிலாளி குடும்பமும் ஓய்வாகச் சிரித்து விளையாட வேண்டும் என்று ஒரு தொழிற்சங்க இயக்கம் நினைத்துச் செய்த காரியம் அது.

ஆகவே போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. குழாயடியிலும் ஆற்றோரத்திலும் குளித்து வளர்ந்தவர்கள். அவர்களைக் கூட்டம் நிறைந்த குளத்தில் இறக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது

சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டி, "காப்பாத்துங்க" என்று கூச்சல் போடுவார். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியில் மூச்சு இழுக்கவே நேரம் சரியாயிருக்கும், கூப்பிட நேரமிருக்காது. கைகள் தாமாகவே தண்ணீரைக் கீழே அழுத்தும். உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும். பார்ப்பவருக்குப் பிள்ளை சும்மா நின்று விளையாடுவது போலத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும்.

அலைக்குளத்தில் இன்னும் கவனம் வேண்டும். அலை வரும்போது எல்லாரும் 'ஓ'வென்று கத்துவார்கள், தலைகள் ஒன்றையொன்று மறைக்கும். இடுப்பளவுத் தண்ணீர் ஒரு நொடியில் நெஞ்சுக்கு ஏறும். நூறு தலைக்கு நடுவில் ஒரு தலை காணாமல் போனது யாருக்கும் தெரியாது. உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், ஆனால் அவர் குளம் முழுவதையும் பார்க்கிறவர். உங்கள் பிள்ளையை மட்டும் பார்க்க உங்களைத் தவிர ஆளில்லை.

2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இறப்பவர்களில் சின்னப் பிள்ளைகள் ஏராளம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்

பத்துக் குடும்பம் சேர்ந்து போகும்போது நடப்பது என்ன? "அக்கா பாத்துக்குவாங்க" என்று தங்கை நினைப்பாள், "தங்கச்சிதான் பக்கத்துல இருக்காளே" என்று அக்கா நினைப்பாள். ஆக, யாரும் பார்க்கவில்லை. பஸ்ஸிலேயே பேர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்: இந்தப் பிள்ளைக்கு இவர் பொறுப்பு என்று. நீச்சல் தெரியாத பிள்ளை, பொறுப்பாளர் கையை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். பொறுப்பில் இருக்கும்போது கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். சாப்பிடப் போனாலும் கழிவறைக்குப் போனாலும், "இனி நீங்க பாருங்க" என்று வாயால் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

காற்றடித்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான், உயிரைக் காக்காது. வார் கட்டும் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் அளவுக்குச் சரியாக மாட்டுங்கள். அதைப் போட்டிருந்தாலும் உங்கள் கண் பிள்ளை மேலேயே இருக்க வேண்டும்.

வழியும் கூட்டமும்

விடுமுறை நாளில் ஜொகூர் பாலத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். இருட்டோடு புறப்படுங்கள். குடிக்கத் தண்ணீரும் நீரிழிவு, ரத்தக்கொதிப்பு மருந்துகளும் கைப்பையிலேயே இருக்கட்டும், பஸ்ஸின் அடியில் போடாதீர்கள். தேக்காவிலிருந்து செந்தோசா போக வழி சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிறப் பாதை ரயில் ஏறினால், மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் வரை போகும். இந்தப் பாதை 2003-இல் திறந்தது. அங்கே விவோசிட்டி மூன்றாம் மாடியில் செந்தோசா ரயில் ஏறலாம். அது 2007 முதல் ஓடுகிறது.

பிரிந்துபோனால் எங்கே நிற்பது என்று உள்ளே நுழைந்ததும் ஓர் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையில் பிள்ளையின் கையில் எழுதிவிடுங்கள். பலகையில் ஆங்கிலம் புரியவில்லையென்றால் பணியாளரிடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் கேட்பதற்கு உரிமை உள்ளவர். சறுக்குக்கு உயரக் கோடு போட்டிருப்பார்கள். பிள்ளை அதற்குக் கீழே இருந்தால், "விட்டுருங்கய்யா, அழறான்" என்று கெஞ்ச வேண்டாம். அந்தக் கோடு பிள்ளையின் உயிருக்காகப் போட்டது.

உடுப்பு

சேலை, கைலி, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு இறங்க விடமாட்டார்கள். நம்மை அவமதிப்பதாக நினைக்காதீர்கள். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காலைச் சுற்றும். உடம்பை மூடும் நீச்சல் உடையும் கடைகளில் கிடைக்கிறது. வளையல், கொலுசு, பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றுத் தாயத்து எல்லாம் சறுக்கில் மாட்டிச் சதையைக் கிழிக்கும். கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

யார் யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

இருதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகு, கழுத்து வலிக்காரர்கள் பெரிய சறுக்கில் ஏறக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர் தனியாகத் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை சுடுவது தெரியாது. சாயங்காலம் கொப்புளமாகும், பிறகு ஆறாத புண்ணாகும். ரப்பர்ச் செருப்போடு நடங்கள். காதில் சீழ் வடிகிற பிள்ளை தலையை நனைக்க வேண்டாம். மது குடித்தவர் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது.

வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளையின் வயிறு நூறு பிள்ளைகளைப் படுக்க வைத்துவிடும். குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் கலப்பதால் வரும் நெடி அது. இறங்குமுன் குளித்துவிட்டு இறங்குங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரி 168 நாள் இடி இடிக்கிறது. மின்னல் எச்சரிக்கை கொடுத்து ஏறச் சொன்னால், "காசு போச்சே" என்று தயங்காமல் உடனே ஏறிவிடுங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

பிள்ளையைக் காணோமா? முதலில் தண்ணீரைத் தேடுங்கள், பிறகு தீனிக்கடையைத் தேடலாம். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்ப் பழக்கம். அதை அடியோடு விடுங்கள். நேரமும் போகும், வாந்தி நுரையீரலுக்குள் ஏறும். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995, மலேசியாவில் 999.

மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று மாறி மாறிச் செய்யுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம் வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். சில நிமிடம் காற்றில்லாமல் போனாலே மூளை கெடத் தொடங்கிவிடும். பிள்ளை கண் விழித்துப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும்.

நீச்சலும் ஒரு கல்விதான்

சிங்கப்பூரில் 2010-இல் தொடங்கிய சுவிம்சேஃபர் திட்டத்தின்கீழ் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கூடாது? தோட்டத்தைச் சுற்றி ஆறும் குட்டையும் அள்ளூறும் இருக்கும்போது, பூங்காவுக்குப் போகிற ஒரு நாள் மட்டுமா ஆபத்து? கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பக்கத்துப் பட்டணத்து நீச்சல் குளத்தில் மாதம் இரண்டு ஞாயிறு பயிற்சி கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாமல் சேருங்கள்.

அதுவரை, இந்த விடுமுறைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். போகும்போது எண்ணிய தலை, திரும்பும்போதும் குறையாமல் இருக்க வேண்டும்.