காவிரிக் காட்டில் ஒரு தமிழ் ஊர்: கோபிநத்தம்

கோபிநத்தம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு பெரிய மீசை. சந்தனக் கடத்தல் வீரப்பன் 1952-ம் ஆண்டு பிறந்த ஊர் இது.

வெளியூரில் இருந்து காரில் வருகிறவர்கள் இறங்கியதும் இறங்காததுமாக, "வீரப்பன் வீடு எங்கே?" என்றுதான் விசாரிக்கிறார்கள். நாலு படம் பிடித்துக் கொண்டு அரை மணி நேரத்தில் புறப்பட்டு விடுகிறார்கள்.

ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பார்ப்பது வேறு மாதிரி. அவர்களுக்குக் கோபிநத்தம் என்றால் மாரியம்மன் கோவில், அணைக்கட்டு, பரிசல் துறை, ராகிக் காடு. அவர்கள் நடக்கும் தடத்தில் நடந்து பார்த்தால்தான் இந்த ஊர் புரியும்.

எப்படிப் போவது?

பெங்களூரில் இருந்து கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், அனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர். மலையில் சாமி கும்பிட்டு விட்டு, மேட்டூர் போகும் சாலையில் வளைந்து வளைந்து இறங்கினால் பாலாறு வரும். வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு வேறு, இது வேறு. காவிரியில் கலக்கும் காட்டாறு இது. இதுதான் எல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு.

கோபிநத்தத்துக்குப் பாலாற்றில் இருந்து காட்டுச் சாலை பிரிகிறது. 1987-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்த காடு இது. யானைகள் நடமாட்டம் உண்டு. ஆகவே பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்து விட வேண்டும். நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது. ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் செய்வது இல்லை.

கோடு மாறியது, பேச்சு மாறவில்லை

கர்நாடகத்தில் இருக்கும் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தமிழ் கேட்கிறதே, எப்படி?

இவர்கள் எங்கிருந்தும் குடியேறி வந்தவர்கள் அல்ல. கோபிநத்தம் அடங்கிய கொள்ளேகால் தாலுகா, ஒரு காலத்தில் சென்னை ராஜ்யத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, அது மைசூர் ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது. ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. மைசூர் மாவட்டமாக இருந்த பகுதி 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் ஆனது. இப்போது தாலுகா, அனூர்.

அரசாங்கக் காகிதம் கன்னடத்தில் வருகிறது. அடுப்பங்கரைப் பேச்சு தமிழில் நடக்கிறது. பட்டா, சான்றிதழ் என்றால் அனூருக்கோ கொள்ளேகாலுக்கோ போக வேண்டும். சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் கொளத்தூர், மேட்டூர் பக்கம் போவார்கள். பக்கத்து ஒகேனக்கல்லின் பெயரே கன்னடம்தான். "ஹொகெ" என்றால் புகை. புகையும் கல் என்று பொருள். அருவி விழும் இடத்தில் எழும் நீர்த்திவலையைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும்.

பரிசல் பயணம்

காவிரிக் கரை ஜனங்களுக்கு ஆற்றைக் கடக்க உற்ற துணை பரிசல். மூங்கிலைப் பிளந்து, கூடை முடைவது போல வட்டமாக முடைவார்கள். முன்பு அடியில் மாட்டுத்தோல் கட்டுவது வழக்கம். இன்று பிளாஸ்டிக் தார்ப்பாய் போதும். ஒற்றைத் துடுப்பு. கரைக்கு வந்ததும் ஒரே ஆள் அதைத் தலையில் கவிழ்த்துக் கொண்டு வீட்டுக்குப் போய் விடலாம்.

பரிசலில் ஏறும் முறை ஒன்று உண்டு. விளிம்பில் கால் வைக்கக் கூடாது, நடுவில் வைக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு எழுந்து நிற்கக் கூடாது. கனத்த ஆள் ஒரு பக்கம் என்றால் எதிர்ப்பக்கம் இருவர். பரிசல்காரர் சொல்லுக்கு மறு பேச்சு இல்லை. காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசல் கரையேறி விடும்.

1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் நீர் ஏறினால், ஒகேனக்கல் பக்கம் வரை அது தேங்கி நிற்கும். மீன்பிடித் தொழிலுக்கு அதுவே ஆதாரம். ராகிக் களியும் ஆற்று மீன் குழம்பும் இந்தப் பக்கத்துச் சாப்பாடு. கரை ஓரமாக இருக்கும் ஆலம்பாடி, பெயர் பெற்ற ஆலம்பாடி மாட்டினத்துக்குப் பெயர் கொடுத்த ஊர்.

அம்மன் கோவிலில் அதிகாரி படம்

ஊர்க்காரர்கள் விருந்தாளியை அழைத்துப் போகும் இடம் மாரியம்மன் கோவில். அங்கே சாமி படங்களோடு ஒரு மனிதரின் படமும் இருக்கும். அவர் பெயர் பி.சீனிவாஸ். ஆந்திராவில் ராஜமுந்திரியில் பிறந்தவர். கர்நாடக வனத்துறை அதிகாரி.

வீரப்பனைப் பிடிக்க வந்தவர், துப்பாக்கியை மட்டும் நம்பவில்லை. கோபிநத்தத்திலேயே தங்கினார். ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கச் செய்தார். மாரியம்மன் கோவிலைக் கட்டியதும் அவர்தான். காட்டில் இருந்தவர்கள் சிலர் அவர் பேச்சை நம்பிச் சரண் அடைந்தார்கள்.

1991-ம் ஆண்டு நவம்பர் மாதம். வீரப்பன் சரண் அடைய விரும்புவதாகச் சேதி வந்தது. அதை நம்பி ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் போனார். 10-ந் தேதி கொடூரமாகக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37. மறு வருடம் அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. விருது டெல்லியில் கொடுத்தார்கள். கோவிலில் இடம் கொடுத்தது இந்த ஊர்.

நடுவில் சிக்கிய ஜனங்கள்

அந்தக் காலத்தில் மலைக் கிராம மக்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. தகவல் சொன்னால் காட்டில் இருந்து ஆபத்து. சொல்லாவிட்டால் போலீசிடம் ஆபத்து. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி பாலாறு அருகே நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகு கெடுபிடி இன்னும் கடுமை ஆயிற்று.

அதிரடிப்படை மீது எழுந்த புகார்களை நீதிபதி சதாசிவா தலைமையிலான குழு விசாரித்தது. தேசிய மனித உரிமைக் கமிஷன் 2007-ல், இரு மாநிலத்திலும் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு ரூ.2 கோடியே 80 லட்சம் வழங்கச் சொன்னது. வீரப்பன் 2004-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டபோது, இரண்டு பக்க பயமும் ஒன்றாக ஒழிந்தது.

பின்னாளில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் இங்கே கூடாரத் தங்குமிடம் அமைத்தது. ஒரு காலத்தில் வீரப்பனோடு காட்டில் இருந்தவர்களில் சிலர், அங்கே வழிகாட்டிகளாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். எந்த மரத்தை யானை உரசியது, எந்தப் பக்கம் கரடி போனது என்று அவர்களைப் போலச் சொல்ல வேறு ஆள் ஏது?

விடுமுறைக்குக் கோபிநத்தம் போகும் பெங்களூர்த் தமிழர்கள் காலையில் கோவிலுக்குப் போகலாம். பிறகு அணைக்கட்டு, மத்தியானம் களியும் மீன் குழம்பும், வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரை.

ஊரில் இறங்கியதும் வீரப்பன் வீட்டை விசாரிக்க வேண்டாம். "மாரியம்மன் கோவில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வழி மட்டும் சொல்ல மாட்டார்கள், கூடவே வருவார்கள்.