மயக்க மருந்தும் மழலையின் மூளையும்

புளியங்குளத்திலிருந்து ஏ9 வீதி வழியாக வவுனியா வைத்தியசாலைக்குக் கைக்குழந்தையைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் பெற்றோருக்கு, சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடும் வேளையில், மயக்க மருந்து பிள்ளையின் மூளையைத் தாக்குமோ என்ற பயம் எழுவது இயல்பே. அது வீண் பயமுமன்று.

வளரும் மூளையில் நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று தொடுப்புகளை ஏற்படுத்தும் காலத்தில், அயற்கலங்களின் சமிக்ஞை கிடைக்காத கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மயக்க மருந்துகளோ அச்சமிக்ஞைகளை அடக்கியே வேலை செய்கின்றன. ஏழு நாள் வயதான எலிக்குட்டிகளுக்கு மிடசோலம், நைத்திரசு ஒட்சைட்டு, ஐசோபுளூரேன் ஆகியவற்றைச் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்த அமெரிக்க ஆய்வொன்று, மூளைக் கலங்கள் பெருமளவில் மடிந்ததையும், அவ்வெலிகள் வளர்ந்த பின்னரும் கற்பதில் பின்தங்கியதையும் 2003இல் வெளிப்படுத்தியது. ஆனால் எலியின் மூளை சில வாரங்களில் கடக்கும் வளர்ச்சியை மனித மூளை ஆண்டுக்கணக்கில் கடப்பதால், இரண்டையும் நேராக ஒப்பிடல் பொருந்தாது.

மனிதக் குழந்தைகளிடமிருந்து கிடைத்த தெளிவான விடை குடலிறக்கச் சத்திரசிகிச்சையிலிருந்து வந்தது. அழும்போது தொடையிடுக்கில் புடைத்து, உறங்கும்போது உள்ளடங்கும் இவ்வீக்கத்தை முழு மயக்கத்திலும் சீர்செய்யலாம். முதுகில் ஊசி ஏற்றி இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்து, குழந்தை விழித்திருக்கவும் சீர்செய்யலாம். 7 நாடுகளின் 28 வைத்தியசாலைகளில் 722 குழந்தைகளை எழுந்தமானமாக இவ்விரு முறைகளுக்கும் பிரித்து, ஐந்து வயதில் நுண்ணறிவைச் சோதித்தபோது, இரு தொகுதியினரின் சராசரியும் 99ஐ ஒட்டியே இருந்ததென 2019இல் லான்செட் இதழ் அறிவித்தது. அங்கே மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ, பலமுறையோ மயக்கம் கொடுப்பது குறித்தே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 டிசெம்பரில் எச்சரித்தது.

மருந்தின்மையும் தீங்கே. குறைமாதக் குழந்தைகளின் சத்திரசிகிச்சையில் வலிநிவாரணி சேர்க்கப்படாதபோது உடல் கடும் நெருக்கடிக்குள்ளாவதை, கன்வால்ஜீத் ஆனந்த் என்ற இந்திய வைத்தியர் ஒக்ஸ்போர்டில் நடத்திய ஆய்வு 1987இல் நிறுவியது. வன்னிக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை; 2009இன் இறுதிப் போரில் குழந்தைகள் உட்பட, காயமுற்ற பலரின் அவயவங்கள் மயக்க மருந்தின்றியே துண்டிக்கப்பட்டதை, ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது.

ஆகவே பெற்றோர், மயக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும், மீண்டும் தேவைப்படுமா, காத்திருக்கலாமா என்று மயக்க மருந்து நிபுணரிடம் தயங்காது கேட்க வேண்டும். ஆனால் இறங்கிய குடல் இறுகிச் சிக்கிக்கொண்டால் அது அழுகிவிடக்கூடுமாதலால், வைத்தியர் குறித்த நாளைப் பயத்தினால் தள்ளிப்போட வேண்டாம்.