கடைசிக் குழாயில் குளோரின் உண்டா?

வெண்ணந்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களுக்குக் குடிநீர் இரு வழிகளில் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஊர்த் தொட்டிக்கு ஏற்றப்படுவது ஒன்று. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வாயிலாக வரும் காவிரி நீர் மற்றொன்று. இரண்டும் பார்வைக்குத் தெளிவாகவே உள்ளன. ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. 1884-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் மக்கள் புழங்கிய குளமொன்றின் நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். கண்ணுக்குப் புலப்படாத அத்தகைய கிருமிகளாலேயே காலராவும் டைபாய்டும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் பரவுகின்றன.

தொட்டி வரையில் நல்ல நீராக வந்தது, வீட்டுக் குடத்தில் விழுவதற்குள் எவ்வாறு கெடுகிறது? நீர் நாள் முழுவதும் குழாயில் ஓடுவதில்லை. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் குறைந்து வெற்றிடம் உண்டாகிறது. அப்போது, சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயின் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும், அதன் வழியே வெளி நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மேட்டுத் தெருக்களில் தண்ணீர் ஏறாமையால், பலர் தெருவோரம் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி அமைத்துக் கொள்கின்றனர். அக்குழியில் மழைநீரும் பாத்திரம் கழுவிய நீரும் தேங்கிக் குழாயின் வாயையே மூழ்கடித்து விடுகின்றன. நேராகக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவோர், தம் அண்டை வீட்டாருக்கும் சேர்த்தே தீங்கு செய்கின்றனர்.

இதற்கு மாற்று குளோரின். நூல் வெளுக்கும் தொழிலில் பழகிய நம் நெசவாளருக்குப் பிளீச்சிங் பவுடர் புதியதன்று. 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம் என்பது நம் ஊராட்சிகளில் வழங்கும் கணக்கு. 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம் ஆகும். நல்ல பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு அளவில் குளோரின் இருக்கும். ஆனால் மோட்டார் அறையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில், ஈரக் காற்றாலும் வெப்பத்தாலும் அது குறைந்து கொண்டே போகும். பவுடர் பாதி வீரியம் இழந்திருப்பின், 120 கிராம் இட்டும் 60 கிராம் இட்ட பயனே கிட்டும். ஆகவே கட்டிப்போன பவுடரை நம்புதல் கூடாது.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுவது தவறு. பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுதல் வேண்டும். அதன் பின் அரை மணி நேரமேனும் கழித்தே வால்வைத் திறக்கலாம். தொட்டியின் அடியில் சேறு இருப்பின் குளோரினைச் சேறே தின்றுவிடும். எனவே தொட்டியை முறையாகக் கழுவாமல் மருந்தை மட்டும் கூட்டுவதில் பொருளில்லை.

ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சேலம் நகரின் கழிவுகளைச் சுமந்து மதியம்பட்டிப் பக்கம் ஓடிவரும் திருமணிமுத்தாற்றை ஒட்டிய கிணறுகளில், குளோரின் கிருமியைக் கொல்லுமேயன்றிக் கரைந்துள்ள உப்புகளை நீக்காது. அத்தகைய நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே குடிக்கக் கொள்ளலாம்.

மருந்து இட்டதாகப் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது போதாது. தொட்டியிலிருந்து மிகத் தொலைவிலுள்ள கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நோய் பரவும் காலத்தில் 0.5. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் நீர்ச் சோதனையில் பயிற்சி பெற்ற பெண்கள் உள்ள ஊர்களில் அவர்களையே உடன் அழைத்துச் செல்லலாம். மாத்திரை கரைத்த நீர் இளஞ்சிவப்பானால் குளோரின் உண்டு. நிறம் மாறாவிடில், பஞ்சாயத்து அங்கத்தினர் அக்குழாயிலிருந்து தொட்டியை நோக்கிக் குழாய் குழாயாகச் சோதித்து வருக. சிவப்பு தோன்றும் முதல் குழாய்க்கும் அதற்கு முன்பு சோதித்த குழாய்க்கும் இடையில் கசிவு உளதா எனத் தோண்டிப் பார்த்தல் வேண்டும். தொட்டிக்கு அருகிலும் நிறம் தோன்றாவிடில், பவுடர் மூட்டையைத்தான் பார்க்க வேண்டும்.