சொந்த லாரி, கம்பெனி லோடு

நம் நாட்டில் பலர் ஒரே ஒரு லாரி வைத்துத் தொழில் செய்கிறார்கள். லாரியை ஓட்டுவதும் அவர்களே. கடன் வாங்கித்தான் லாரி வாங்கியிருப்பார்கள். மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். லோடு கிடைக்காமல் லாரி நின்றாலும் தவணை நிற்காது.

அதனால் பலர் பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் லாரியைச் சேர்த்து விடுகிறார்கள். இதை 'அட்டாச்' செய்வது என்பார்கள். லாரி உங்கள் பெயரிலேயே இருக்கும். லோடு கம்பெனி தரும். வாடகையைச் சரக்குக்காரரிடம் கம்பெனி வாங்கும். தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தரும்.

சில கம்பெனிகள் டிரெய்லரும் தரும். அப்போது முன்னால் இழுக்கும் வண்டி உங்களுடையது. பின்னால் வரும் டிரெய்லர் கம்பெனியுடையது.

இதில் லாபம் உண்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நடைக் கணக்கு

மும்பையிலிருந்து டில்லிக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர். வாடகை 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 350 லிட்டர் டீசல் வேண்டும். ஒரு லிட்டர் 90 ரூபாய் என்று போடுவோம்.

டீசல் – 31,500 ரூபாய்
சுங்கச்சாவடி – 9,000 ரூபாய்
சாப்பாடு, வழிச்செலவு – 4,000 ரூபாய்
கம்பெனி கமிஷன் (நூற்றுக்கு 5) – 2,750 ரூபாய்
மொத்தச் செலவு – 47,250 ரூபாய்
மிச்சம் – 7,750 ரூபாய்

இந்த மிச்சத்தில்தான் தவணை, டயர், இன்சூரன்ஸ், வரி எல்லாம். டில்லியிலிருந்து காலியாகத் திரும்பினால் என்ன ஆகும்? திரும்பும் டீசலுக்கே இந்தப் பணம் போதாது. ஆகவே திரும்பும் லோடு தருவார்களா என்பதை முதலில் கேளுங்கள். மேலே உள்ளவை கணக்குக்காகப் போட்ட தொகைகள். உங்கள் தொகைகளைப் போட்டு நீங்களும் கணக்குப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

கம்பெனி ஒப்பந்தத் தாள் தரும். அதை முழுவதும் படியுங்கள். வேறு மொழியில் இருந்தால், நம்பிக்கையான ஒருவரை வைத்து வரிக்கு வரி சொல்லச் சொல்லுங்கள். இந்த ஆறும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1. கமிஷன் எவ்வளவு? வேறு என்னென்ன பிடிப்பார்கள்?

2. முன்பணம் எவ்வளவு? பாக்கி எத்தனை நாளில் வரும்?

3. ஏற்றவும் இறக்கவும் நாள் கணக்கில் காத்திருந்தால், ஒரு நாளுக்கு எவ்வளவு தருவார்கள்?

4. ஏற்றுகூலி, இறக்குகூலி யார் கொடுப்பது?

5. சரக்கு கெட்டால், குறைந்தால் யார் பொறுப்பு? லாரிக்கு எடுத்த இன்சூரன்ஸ் சரக்குக்கு உதவாது. சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டும்.

6. டிரெய்லர் கம்பெனியுடையது என்றால் டயர், ரிப்பேர் யார் செலவு? டிரெய்லருக்குத் தனி ஆர்.சி., தனி இன்சூரன்ஸ் உண்டு. இரண்டும் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிரெய்லரை எடுக்கும்போதே பழைய அடி, கீறல்களை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒப்பந்தத்தின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். எழுதாத இடம் விட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டம் தரும் துணை

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சரக்கை வாங்கி அனுப்பும் கம்பெனி அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

பாக்கி இழுத்தடிக்கும் கம்பெனிகள் உண்டு. இதற்கு 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டம் உதவும். 'உத்யம்' பதிவு செய்துகொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்த சிறு தொழிலாளிக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டியோடு கேட்கலாம்.

பத்து லாரிக்கு மேல் இல்லாதவர், பான் எண்ணோடு அதை எழுதிக் கொடுத்தால், கம்பெனி வாடகையில் வருமான வரி பிடிக்கக் கூடாது.

உங்கள் கடமை

"இன்னும் இரண்டு டன் ஏற்று" என்று சொன்னால் மறுத்து விடுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். இரண்டு டன்னுக்கு 24,000 ரூபாய் ஆகிறது. மூன்று நடையின் மிச்சம் போய்விடும். பிரேக் பிடிக்காமல் உயிரும் போகலாம்.

சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பொதுவாக 'ஈ-வே பில்' வேண்டும். அதில் உங்கள் லாரி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் கெடு உண்டு. வழியில் லாரி ரிப்பேர் ஆனால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். அவர்கள் கெடுவை நீட்டிக்கலாம்.

சரக்கை இறக்கியதும் ரசீதில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்த ரசீதைக் காட்டித்தான் பாக்கியைக் கேட்க முடியும். எல்லா ரசீதையும் ஒரு பையில் வையுங்கள். ஒவ்வொரு நடைக்கும் வரவு, செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். பணம் குறைந்து வந்தால் நோட்டைக் காட்டிக் கேட்கலாம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் யார் லாரியை அட்டாச் செய்திருக்கிறார்கள்? கமிஷன் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள்.

2. மேலே உள்ள கணக்கில் மூன்று நாள் காத்திருந்தார்கள். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 500 ரூபாய். கம்பெனி ஒன்றும் தரவில்லை. இப்போது மிச்சம் எவ்வளவு?