கிளாசிக் ஜாஸ் மறுவெளியீடுகள் சில வினைலில் மட்டும் வருவது ஏன்?

அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட், 2019-ல் தன் 80-வது ஆண்டைக் கொண்டாடியது. அப்போது ‘டோன் போயட்’ என்ற மறுவெளியீட்டு வரிசையைத் தொடங்கியது. வெய்ன் ஷார்ட்டரின் ‘எட்செட்ரா’, சிக் கொரியாவின் ‘நவ் ஹி சிங்ஸ், நவ் ஹி சாப்ஸ்’ என்று பழைய ஆல்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூல டேப்பிலிருந்து புதிய மாஸ்டரிங், கெட்டியான அட்டை, ரெக்கார்டிங் நடந்தபோது எடுத்த புகைப்படங்கள் என எல்லாமே முதல் தரம். ஆனால், அது முழுக்க முழுக்க வினைல் இசைத்தட்டுகளுக்கான வரிசை.

‘ஒரு கிளிக்குல எல்லாப் பாட்டும் போனுக்கே வந்துடுது. இந்தக் காலத்துல போய் ஏன் தட்டுல மட்டும்?’ என்று கேட்கத் தோன்றும். பழசு மேல் உள்ள பாசம் ஒரு காரணம்தான். ஆனால், தொழில்நுட்பம், பணம், காப்புரிமை என்று அதற்குப் பின்னால் இன்னும் பல காரணங்கள் இருக்கின்றன.

பாட்டு வேறு, மாஸ்டரிங் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வினைலில் மட்டும் வருகிறது என்றால், அந்த இசையே வேறெங்கும் கிடைக்காது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங் செயலிகளில் இருக்கின்றன. அங்கே நாம் கேட்பது பெரும்பாலும் வேறொரு காலத்தில், வேறொரு பொறியாளர் செய்த மாஸ்டரிங்.

ஒரே நெகட்டிவை இரண்டு ஸ்டுடியோக்களில் கொடுத்துப் பிரின்ட் போட்டால் நிறமும் வெளிச்சமும் கொஞ்சம் மாறும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். டேப் ஒன்றுதான். பேஸ் எவ்வளவு, டிரம்ஸின் சிம்பல் எவ்வளவு கூர்மை, மொத்தச் சத்தம் எவ்வளவு என்ற முடிவுகள் மாறும். வினைலில் மட்டும் கிடைப்பது அந்தப் புதிய பிரின்ட்.

காரணம் 1: கம்ப்யூட்டரே இல்லாத வேலை

டோன் போயட் தட்டுகளுக்கு மாஸ்டரிங் செய்பவர் கெவின் கிரே. மூல டேப் ஓடும்போது அதன் சிக்னல் அவருடைய கருவிகள் வழியாக நேராகத் தட்டு வெட்டும் இயந்திரத்துக்குப் போகிறது. அரக்குப் பூச்சு போட்ட வட்டத்தில் ஊசி நேரடியாகப் பள்ளம் வெட்டுகிறது. அந்த வட்டத்தின் மீது நிக்கல் படியவைத்து அச்சு எடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கமரில்லோவில் உள்ள ஆர்.டி.ஐ. ஆலையில் அந்த அச்சை வைத்துத் தட்டுகளை அழுத்துகிறார்கள்.

இந்தப் பாதையில் எந்த இடத்திலும் டிஜிட்டல் ஃபைல் உருவாவதில்லை. ரசிகர்கள் இதை ‘ஏ.ஏ.ஏ.’ என்பார்கள். ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் மூன்றுமே அனலாக் என்று பொருள்.

இதில் ஒரு சுவாரஸ்யமான சிக்கல் உண்டு. சத்தமான பகுதிக்கு அகலமான இடம் வேண்டும், மெல்லிய பகுதிக்குக் குறைந்த இடம் போதும். அடுத்த சுற்றில் என்ன சத்தம் வரப்போகிறது என்று வெட்டும் இயந்திரத்துக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் பள்ளங்கள் ஒன்றோடொன்று இடிக்காது. அதனால் டேப் மெஷினில் கூடுதலாக ஒரு ஹெட் இருக்கும். அது பாட்டைக் கொஞ்சம் முன்னதாகவே படித்துத் தகவல் சொல்லிவிடும். இந்த வசதி இல்லாத ஸ்டுடியோக்கள் டிஜிட்டல் டிலே கருவியைப் பயன்படுத்துகின்றன. அப்போது தட்டில் விழுவது டிஜிட்டல் வழியாக வந்த ஒலியாகிவிடும்.

முழு அனலாக் வழியில் செய்த வேலையை ஸ்ட்ரீமிங்கில் ஏற்ற, ‘சேவ் அஸ்’ கொடுக்க முடியாது. டேப்பை மறுபடி ஓட்டி, டிஜிட்டலுக்கென்று தனியாக மாஸ்டரிங் செய்ய வேண்டும். தட்டுக்கு ஏற்றபடி எடுத்த முடிவுகள் டிஜிட்டலுக்கு அப்படியே பொருந்தாது. அதற்குத் தனி நேரம், தனிச் செலவு.

காரணம் 2: கணக்கு எங்கே இடிக்கிறது?

ஜாஸ் சின்னச் சந்தை. ஒருமுறை ஸ்ட்ரீம் செய்தால் உரிமையாளருக்குக் கிடைப்பது ஒரு சென்ட்டை விடவும் குறைவு. டோன் போயட் தட்டு ஒன்றின் விலையோ 40 டாலரை ஒட்டி இருக்கிறது. அதிகம் பேர் அறியாத 1960-களின் ஆல்பம் ஒன்றை, சில ஆயிரம் பேர் இந்த விலைக்கு வாங்கினாலே செலவு கட்டுப்படியாகும். அதே சில ஆயிரம் பேர் ஸ்ட்ரீமிங்கில் எத்தனை முறை கேட்டாலும், தனி மாஸ்டரிங் செலவுகூடத் தேறுவது கஷ்டம்.

சிடியின் நிலையும் மோசம். அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கத்தின் கணக்குப்படி, 2022-ல் அங்கே 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன. சிடி 3.3 கோடிதான். எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை.

போதாக்குறைக்கு, ஜாஸ் ரசிகர்களின் அலமாரி சிடியால் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. ப்ளூ நோட் ஆல்பங்களை ரெக்கார்டு செய்த ரூடி வான் கெல்டரே, 1990-களின் இறுதியிலிருந்து அவற்றை 24 பிட்டில் மறுபடி மாஸ்டரிங் செய்து கொடுத்தார். அந்த சிடிகள் வரிசையாக வந்தன. ‘அதான் இருக்கே, இன்னொரு சிடி எதுக்கு?’ என்பதே வாடிக்கையாளரின் பதில்.

காரணம் 3: ஐரோப்பாவின் காப்புரிமைச் சட்டம்

பலர் கவனிக்காத காரணம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான காப்புரிமை முன்பு 50 ஆண்டுகள். 2013-ல் அது 70 ஆனது. ஆனால், அதற்குள் காலாவதியானவற்றுக்கு உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. அதாவது, 1962 வரை வெளியான பதிவுகளை அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ இரண்டுமே 1959-ல் வந்தவை.

விளைவு, பல ஆல்பங்களை ஒரே பெட்டியில் அடைத்து, மலிவு விலையில் சிடி விற்கும் கம்பெனிகள் அங்கே பெருகின. அவர்களோடு விலையில் மோத முடியாது. ஆனால், பதிவை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாமே தவிர, மூல டேப் உரிமையாளரின் காப்பறையில்தான் இருக்கிறது. அந்த டேப்பிலிருந்து நேராக வெட்டிய தட்டு என்று அவர் மட்டுமே சொல்ல முடியும். எல்லோரிடமும் இருக்கும் பாட்டை, வேறு யாரிடமும் இல்லாத பொருளாக மாற்றும் வழி அது.

காரணம் 4: உரிமம் தட்டுக்கு மட்டும்

பெரிய நிறுவனங்கள் தங்கள் பழைய ஆல்பங்களைச் சிறு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுப்பது வழக்கம். பல சமயம் அந்த உரிமம் இசைத்தட்டுக்கு மட்டுமே. டிஜிட்டல் உரிமையை யாரும் எளிதில் விட்டுத்தர மாட்டார்கள். மியூசிக் மேட்டர்ஸ் என்ற சிறு நிறுவனம் இப்படித்தான் ப்ளூ நோட்டிடம் உரிமம் பெற்று அருமையான தட்டுகளை வெளியிட்டது. அவற்றின் தரத்தால் ஈர்க்கப்பட்ட ப்ளூ நோட் தலைவர் டான் வாஸ், அதன் பின்னணியில் இருந்த ஜோ ஹார்லியை அழைத்தார். டோன் போயட் வரிசை பிறந்தது அப்படித்தான். அந்தப் பெயரே ஹார்லிக்கு சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிட் வைத்த பட்டப்பெயர்.

அப்போ வினைல்தான் பெஸ்ட்டா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையே பதிவுசெய்யக்கூடிய வித்தியாசம் சிடியில் சுமார் 96 டெசிபல். வினைலில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒலியின் துல்லியமும் குறையும்.

2022-ல் நடந்த ஒரு சர்ச்சை இதை வெளிச்சம்போட்டுக் காட்டியது. உயர்தரத் தட்டுகளுக்குப் பெயர்போன மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், பல வெளியீடுகளில் டிஜிட்டல் படியையும் பயன்படுத்தியது அப்போது தெரியவந்தது. முழு அனலாக் என நம்பி வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். வழக்கு, 2.5 கோடி டாலர் வரையிலான சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களிடம் உண்மையைச் சொல்லாதது தவறுதான். ஆனால், ‘அனலாக் ஒலின்னா இதுதான்’ என்று பலர் பாராட்டியது அதே தட்டுகளைத்தான்.

ஆக, கவனமாகச் செய்த மாஸ்டரிங்கின் அருமை டிஜிட்டலிலும் கேட்கும். புதிய தட்டு பழைய சிடியைவிட நன்றாகக் கேட்டால், அதற்குக் காரணம் வினைல் மட்டுமல்ல. நல்ல டேப், நிதானமான வேலை, தேர்ந்த காது ஆகியவையும்தான்.

யாருக்கு இழப்பு?

40 டாலர் தட்டு இந்தியாவுக்கு வரும்போது கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்துகொள்ளும். டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் செலவு தனி. இப்போதுதான் ஜாஸ் பக்கம் வரும் இளைஞருக்கு, ஓர் ஆல்பத்தின் ஆகச் சிறந்த வடிவம் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. காந்த டேப் நிரந்தரமானது அல்ல. 2008-ல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் ஏற்பட்ட தீயில் ஏராளமான மூல டேப்கள் எரிந்ததாக 2019-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. இழப்பு அவ்வளவு பெரிதல்ல என்றது நிறுவனம். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், டேப் காப்பறையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு முறையும் அரிய வாய்ப்பு என்பதில் சந்தேகமில்லை.

அந்த வாய்ப்பை இரண்டுக்குமே பயன்படுத்தலாம். கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் 2023-ல் மீண்டும் தொடங்கிய ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ வரிசையே உதாரணம். அங்கேயும் தட்டுக்கு மாஸ்டரிங் செய்பவர் அதே கெவின் கிரே, அழுத்துவது அதே ஆர்.டி.ஐ. ஆலை. ஆனால், தட்டோடு 24 பிட் உயர்தர டிஜிட்டல் வடிவமும் வருகிறது. ஆகவே, வினைலில் மட்டும் என்பது தொழில்நுட்பம் விதித்த கட்டாயம் அல்ல. நிறுவனம் எடுக்கும் வியாபார முடிவு.

வாங்கும் முன்

தட்டு வாங்க நினைப்பவர்கள் ‘180 கிராம்’ என்ற எடையைப் பார்த்து மயங்க வேண்டாம். மாஸ்டரிங் செய்தவர் யார், எந்த டேப்பிலிருந்து, எந்த ஆலையில் என்ற 3 தகவல்களையும் பாருங்கள். கெவின் கிரே மாஸ்டரிங் செய்யும் ப்ளூ நோட்டின் ‘கிளாசிக் வினைல்’ வரிசை, டோன் போயட்டைவிட விலை குறைவு. தட்டே வேண்டாம் என்பவர்கள், ஸ்ட்ரீமிங் செயலியில் ஒரே ஆல்பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் இருக்கிறதா என்று தேடி, ஒரே பாடலை இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். மாஸ்டரிங் என்றால் என்ன என்பது, நல்ல ஹெட்போன் இருந்தால், 5 நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.